மாங்காய்க்கு மீசை முளைத்த நாள்

சட்டைக்குக் கை வைப்பதையும் காஜா எடுப்பதையும் உங்களுக்குச் சொல்லித்தர மெஷின் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். ஆரம்ப காலத்தில் நான் கை வைத்துத் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்ட குழந்தைகள், யாரையோ ரயிலேற்றி வழியனுப்புவதுபோல் ஒரு கையைத் தூக்கியே வைத்திருந்தன. ஆகவே தொழில்நுட்பம் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.

கடையை உங்கள் மேடம்கள் இருவரிடமும் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து சீரியலில் வருகிறவர்களின் ரவிக்கைத் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். மெஷின்களுக்குப் பொட்டு வைத்த பிறகு, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். தட்டில் பொரி தீரும்வரை பேசினேன். பொரி சீக்கிரம் தீர்ந்துவிட்டதால் மீதியை எழுதித் தருகிறேன். விஷயம் ஒன்றுதான். துணியைப் பார்ப்பது பற்றி.

பார்க்காமலா வெட்டுகிறோம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் கடைக்கு வரும் துணிகளுக்கு ஒரு குணம் உண்டு. தி. நகரில் மீட்டர் கணக்கில் வாங்கிய துணி பேசாமல் மேஜைமேல் படுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் பல வருடம் கிடந்த துணி அப்படியில்லை. வரும்போதே ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரும். யார் வாங்கியது, எதற்காக வாங்கியது, யார் யாரோடு சண்டை போட்டதால் தைக்காமல் போனது என்பதெல்லாம் நாம் இஞ்சி டேப்பை எடுப்பதற்குள் சொல்லப்பட்டுவிடும். குழந்தைக்கு அளவெடுக்க இரண்டு நிமிடம். துணியின் வரலாற்றுக்கு ஒரு மணி நேரம்.

செல்வி வந்ததும் அப்படித்தான். தூத்துக்குடிப் பெண். கூட வேலை பார்த்த மயிலாப்பூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவள். இரண்டு வீட்டாரும் சம்மதித்துத்தான் கல்யாணம் நடந்தது. சம்மதம் என்றால், வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுடைய மாமனாருக்கு வாய்விட்டுச் சொல்லும் வழக்கமே கிடையாதாம். கர்ப்பமாக இருந்தபோது ஒருநாள் அடையாறில் தோழியோடு மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலிலேயே அவர் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தார். புகையில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று செல்வி சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பெண்குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது. காலையில் வீட்டில் ஆயுஷ்ஹோமம். அதற்கு மாமியார் வாங்கிய பட்டுப்பாவாடை. சாயந்திரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன ஹாலில் விருந்து. அதற்குச் செல்வியின் அப்பா கொடுத்த துணியில் கவுன். இந்த உடன்பாட்டுக்கு வருவதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் குடும்ப விசேஷத்தில் அவள் பிறந்த வீட்டுப் பங்கு என்று இருக்கப்போவது இந்த ஒரு கவுன்தான்.

அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்தில், கப்பல் கிளம்புகிற அவசரத்தில், மகளுக்குக் கவுன் தைக்க என்று வாங்கிய துணி. அவர் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மகள் பாவாடை தாவணிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தத் துணி வீட்டுக்கு வீடு மாறி, பெட்டிக்குப் பெட்டி மாறி, பேத்திக்காகக் காத்திருந்தது.

அருமையான துணி. சந்தன நிறத்தில், கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற பருத்தி. அதன்மேல் செங்கல் சிவப்பில் வளைந்த மாங்காய்கள் வரிசை வரிசையாக. இடையிடையே பச்சைத் தளிர்கள். ஓரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் சூரியகாந்தி. நம் கட்டிங் மாஸ்டர் பாய் அதை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் நீவினார்.

"மாங்கா டிசைன் மேடம். ஃபாரின்காரன் நம்மள பாத்து அடிச்சிக்கினு கீறான்."

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள், சும்மா இருப்பதற்குப் பயிற்சி கிடையாது. நம் ஊர் மாங்காய்ப் புட்டா எப்படிச் சால்வையில் ஏறி, கப்பலில் ஏறி, வெள்ளைக்காரன் தறிக்குப் போய் வேறு பெயர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது என்று செல்விக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினேன். மாங்காய் என்றால் மங்களம், வம்சம் தழைக்கும் என்று என் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்தேன். அவள் அதை அப்படியே கொண்டுபோய் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மாமி, "மாங்கான்னா பேஷா போடலாமே" என்று தலையாட்டிவிட்டாராம். ஆக, அந்தத் துணி அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

இங்கே என் கண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊசியில் நூல் கோர்ப்பதை நான் அனுபவத்தால் செய்துகொண்டிருந்தேன். அதாவது ஐந்தாறு தடவை குத்திப் பார்த்து. மாஸ்டரிடம் கண்ணாடி இருந்தது. அதை அவர் சட்டைப் பித்தானில் மாட்டிவைத்திருப்பார். மூக்கில் ஏற்றியதை யாரும் பார்த்ததில்லை. இந்த இரண்டு ஜோடிக் கண்களும் சேர்ந்துதான் அந்தத் துணியைப் பார்த்து, வெட்டி, மார்பில் யோக் வைத்து, இடுப்பில் சுருக்குப் பிடித்து, கைக்குப் பஃப் வைத்துத் தைத்தன. கவுன் பிரமாதமாக வந்தது. மாட்டிவைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்து நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். இந்தப் பத்தடியைக் கவனியுங்கள்.

விசேஷத்துக்கு முந்தின நாள், வேறு வழியில்லாமல் செய்யக் கொடுத்திருந்த என் கண்ணாடி லஸ் கடையிலிருந்து வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பித்தான் ஒன்று பாக்கியிருந்ததே என்று கவுனை மடியில் எடுத்து வைத்தேன்.

மாங்காய் என்னைப் பார்த்தது.

நான் அதைப் பார்த்தேன் என்று எழுத வந்தேன். ஆனால் நடந்தது அதுவல்ல. மாங்காய்க்குக் கண் இருந்தது. கறுப்பாக, மிளகு அளவில், உருண்டையாக. கண்ணுக்கு மேலே இரண்டு நீண்ட மீசை. வயிற்றுப் பக்கம் சீப்புப் பல்லைப் போல வரிசையாகக் கால்கள். நுனியில் விசிறி மாதிரி வால். தளிர் என்று நினைத்தது கொத்துமல்லி. சூரியகாந்தி என்று நினைத்தது, வட்டமாக வெட்டிய எலுமிச்சம்பழம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட அடித்த துணி. நெய்தல் நிலத்தின் கருப்பொருளை எழுதித் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவள், அதை மடியில் வைத்துக்கொண்டு சுருக்குப் பிடித்திருக்கிறேன்.

மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், கை ஏறிக்கிச்சா?"

"இது என்னன்னு சொல்லுங்க."

"மாங்கா."

"மாங்காய்க்கு மீசை இருக்குமா மாஸ்டர்?"

அவர் சட்டைப் பித்தானிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, முதல்முறையாக மூக்கில் ஏற்றினார். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். தொழிலில் மூத்தவர், அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நாரு மேடம். சில மாங்காவுல நார் இருக்கும்."

"சரி, கால்?"

கண்ணாடியைக் கழற்றி மறுபடி பித்தானில் மாட்டினார். துணியைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். "இப்ப மாங்காதான் மேடம்" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் செய்ததை நீங்கள் யாரும் எக்காலத்திலும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் சரிசெய்யப் பார்த்தோம்.

முதலில், மேலே மெல்லிசாக நெட் துணியைப் போட்டு மறைக்கலாம் என்பது என் யோசனை. உருவம் மங்கலாகிவிடும் அல்லவா. மிச்சத் துண்டு ஒன்றின்மேல் நெட்டை விரித்தோம். இறாலை வலை போட்டுப் பிடித்த மாதிரி இருந்தது. மாஸ்டர், காம்பு வைத்து எம்ப்ராய்டரி போட்டால் பூவாகிவிடும் என்றார். பச்சை நூலில் ஒரு காம்பு போட்டார். குச்சியில் கோர்த்துச் சுடுகிற இறால் கிடைத்தது. காம்பின் பக்கத்தில் இரண்டு இலை வைத்தால் காம்பு காம்பாகத் தெரியும் என்று நான் இரண்டு இலை வைத்தேன். கறிவேப்பிலை தாளித்தாயிற்று. மறைக்க மறைக்க அது சமையலில் அடுத்த கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு யோசனை செய்திருந்தால் பரிமாறியிருப்போம்.

மாஸ்டர் ஊசியைக் கீழே வைத்தார். "வுட்டுடு மேடம். ஒண்ணும் சொல்லாத. யாரு குனிஞ்சி பாக்கப் போறான்? ஒரு வயசு கொயந்த, தூக்கிக்கினேதான் சுத்துவாங்கோ."

தூக்குவதுதானே பிரச்சினை. தரையில் இருக்கும் குழந்தை முழங்கால் உயரம். தூக்கினால் இறால் நேராக மாமனார் மூக்குக்கு வரும். அது எப்பேர்ப்பட்ட மூக்கு என்பது எனக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது.

ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன், பேசாமல் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் நன்றாகச் சம்மணம் போட்டு மனசில் உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி அனுப்பியது என் நேர்மை இல்லை. ஒரு சின்னக் கணக்குதான். யாராவது கண்டுபிடித்தால், தையல்காரிக்குக் கண் தெரியவில்லை என்று அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள். மருமகள் வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். நான் பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆகப்போவதெல்லாம் அவளுக்கு. அப்படியிருக்கும்போது பேசாமலிருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை எனக்கு எப்படி வரும்? இந்தத் தொழிலில் நான் உருப்படியாக யோசித்த நேரம் என்று பார்த்தால் அந்த ஐந்து நிமிடம்தான். போனை எடுத்தேன்.

செல்வி ஹோமம் முடிந்த கையோடு ஆட்டோவில் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, புகையில் சிவந்த கண். நான் கவுனை அவள் கையில் கொடுத்து, என் கண்ணாடியையும் நீட்டினேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"அக்கா, இது ராலுல்லா."

நான் தலையாட்டினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கவுனை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மாமா இனி சாம்பிராணியை மூட்டையாக வாங்கிவிடுவார் என்றாள். தூத்துக்குடியில் பிறந்துவிட்டு எனக்கே தெரியலையே, ரெண்டு வாரமா பட்டுக்கடை பட்டுக்கடையா ஏறி மாங்கா பார்த்துப் பார்த்துக் கண்ணே மாங்காவாகிவிட்டது என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. கவுன் முகத்திலேயே இருந்தது.

"நான் தெரிஞ்சே பண்ணுனேன்னு நினைப்பாங்க அக்கா. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் எனக்குப் பயம்."

கடையில் தயாராக இருந்த ஒரு மஞ்சள் கவுனை எடுத்துக் காட்டினேன். அழகான கவுன், எந்த உயிரினமும் இல்லாதது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா காலை ரயிலில் வந்துவிட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு சம்மந்தி வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் ஹோமம் முழுக்க ஓரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாராம். மகளைத் தனியாகப் பார்த்தபோது ஒன்றே ஒன்று கேட்டாராம், சாயந்திரம் நம்ம துணிதானே என்று.

போட்டால் மாமனார். போடாவிட்டால் அப்பா. நான் யோசனை சொல்லவில்லை. அன்று காலை என் யோசனைகள் எதில் போய் முடிந்தன என்பதற்கு மேஜைமேல் கறிவேப்பிலையோடு ஒரு சாட்சி கிடந்தது. செல்வி இரண்டு கவுனையும் பையில் போடச் சொன்னாள். படியிறங்கும்போது திரும்பி, "நீங்களும் வந்துருங்க. மாங்கான்னு பிரசங்கம் பண்ணுனது நீங்கதானே" என்றாள்.

போனேன். மாஸ்டரையும் கூப்பிட்டேன். அவருக்கு அந்த நேரம் பார்த்து வடபழனியில் ஒரு கல்யாணம் இருந்தது. என்னிடம் அதுவரை சொல்லாத கல்யாணம்.

ஹாலில் நாற்பது ஐம்பது பேர். குழந்தை இன்னும் வரவில்லை. மாமனார் வாசலில் நின்று எல்லோரையும் தலையசைப்பால் வரவேற்றுக்கொண்டிருந்தார். செல்வியின் அப்பாவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மறுபடியும் ஓரத்து நாற்காலி, அதன் நுனி. மாமி என்னை அடையாளம் கண்டுகொண்டு, மாங்காயைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் செல்வி சொன்னாள், ரொம்ப சந்தோஷம் என்றார். நான் தண்ணீர் கேட்டேன்.

செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இறால்தான். மொத்த இறால் கூட்டமும் வந்து இறங்கியிருந்தது. அவள் யார் பக்கமும் திரும்பாமல் நேராக அப்பாவிடம் போய்க் குழந்தையை மடியில் விட்டாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, மஞ்சள் கவுனை நான் காட்டியே இருக்கக் கூடாது என்று தோன்றியது. கவுனை மெதுவாகத் தடவினார். சுருக்கை நீவிவிட்டார். நீவிய விரல் ஓரிடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கடற்கரை ஊர்க்காரர், இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை. சத்தமில்லாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து, எச்சில் படாமலிருக்கப் போடுவதுபோல், குழந்தையின் மடிமேல் விரித்தார்.

குழந்தை துண்டை உதைத்துத் தள்ளியது. அவர் மறுபடி விரித்தார். அது மறுபடி உதைத்தது. பல் முளைக்கிற வயது வேறு. இரண்டு கையாலும் கவுனின் ஓரத்தைப் பிடித்து, வாகான ஒரு இறாலாகப் பார்த்து வாயில் வைத்து மெல்லத் தொடங்கியது.

ஹாலில் எல்லோருடைய பார்வையும் அங்கேதான். குழந்தை துணி மெல்லுகிறதே என்று மாமி எழுந்து போனார். எடுத்துவிடக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். மூக்கில் கண்ணாடி இருந்தது. மாஸ்டருடையதைப் போல அலங்காரக் கண்ணாடி அல்ல. கவுனின் ஒரு மடிப்பை இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் செல்வியைப் பார்த்தார். செல்வி அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் பின்னாலேயே வந்துவிட்டார். "என்னது, கொழந்தை எதையோ மெல்றதே?"

மாமி மடிப்பைக் கீழே விட்டார்.

"மாங்காதான். மெல்லட்டும், விடுங்கோ."

மாமனார் விடவில்லை. அவரும் குனிந்தார். கவுனுக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஒரு மாங்காயைப் பார்க்க எவ்வளவு நேரம் தேவையோ, அதைவிட நிறையவே எடுத்துக்கொண்டார். நான் மனசுக்குள் சாம்பிராணி வாசனையை முகர்ந்துவிட்டேன். அவர் நிமிர்ந்து, மனைவியை ஒருமுறை பார்த்தார். மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் செல்வியின் அப்பா பக்கம் திரும்பினார்.

"எந்த ஊர் மாங்கா?"

அப்பா எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தார். குழந்தை மடியில் இருந்ததால் மறுபடி உட்கார்ந்தார். "எங்க ஊருதான் சம்மந்தி" என்றார்.

மாமனார் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடலோரமா வெளையறதாக்கும்."